மறுவாழ்வு மருத்துவ அறிமுகத்தில் மெய்நிகர் கற்றல் அனுபவங்கள்: பயனும் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

மருத்துவ மாணவர்களுக்கு மறுவாழ்வு மருத்துவத்தை அறிமுகப்படுத்த மெய்நிகர் கற்றல் முறைகள் எந்த அளவிற்குத் துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது மருத்துவமனைப் பயிற்சிக்கு மாற்றாக அவசரத்தில் உருவான இம்முறைகள், பின்னர்த் தமக்கெனத் தனிப்பயன் உடையனவாக அறியப்பட்டன. காலம், வீடு, குழு ஆகிய மூன்றும் மறுவாழ்வு மருத்துவத்தின் அடிப்படைகள். மருத்துவமனைக் கூடத்தில் இவை மாணவர் கண்ணில் படுவது அரிது. இவற்றைக் காட்டுவதில் மெய்நிகர் வழி வலிமையுடையது. கையால் தொட்டறிய வேண்டியவற்றில் அது பயனற்றது. ஊனத்தைப் பாவித்துக் காட்டும் முயற்சிகளில் தீங்கும் விளைவிக்கக்கூடியது. இம்மூன்று நிலைகளையும் பிரித்தறிந்த பின்னரே பாடம் வகுக்கப்பட வேண்டும் என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மறுவாழ்வு மருத்துவம், மெய்நிகர் கற்றல், மருத்துவக் கல்வி, தண்டுவடக் காயம், செயற்பாடு, தொலைமருத்துவம்.

முன்னுரை

உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒருவருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. தையல் பிரிக்கப்படுகிறது. கால்கள் இரண்டும் அசையவில்லை. "இனி மருத்துவமனையில் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற சொல்லுடன் அவர் அனுப்பப்படுகிறார். சில மாதங்களில் இடுப்பின் பின்புறம் அழுத்தப்புண்ணும், சிறுநீரகத்தில் தொற்றுமாக அவர் திரும்பி வருகிறார், அல்லது வராமலே போகிறார். அச்சொல்லைச் சொன்ன மருத்துவர் இரக்கமற்றவர் அல்லர். அறுவைக்குப் பின் என்ன நிகழ முடியும் என்பதை அவர் மாணவப் பருவத்தில் கண்டதில்லை. காணாததை அவரால் பரிந்துரைக்க இயலாது.

ஒருவரின் உடல்நிலைக்கும் அவர் வாழும் சூழலுக்கும் இடையிலான உறவில் அவருடைய செயற்பாட்டை உயர்த்துவதே மறுவாழ்வு என உலக நலவாழ்வு நிறுவனம் விளக்குகிறது. 2019இல் உலகில் ஏறத்தாழ 241 கோடிப் பேர் மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன்பெறத்தக்க நிலையில் இருந்தனர் என்பது அந்நிறுவனத்தின் பங்களிப்புடன் வெளியான கணக்கீடாகும். இத்துணைப் பேரையும் மறுவாழ்வு மருத்துவ வல்லுநர்களே கண்டறிய முடியாது. பொது மருத்துவரும் எலும்பு மருத்துவரும் குழந்தை மருத்துவரும் கண்டறிந்து அனுப்பியாக வேண்டும். ஆகவே இளநிலை மாணவர் அனைவருக்கும் இத்துறையின் அறிமுகம் தேவைப்படுகிறது. வல்லுநராகப் போகும் சிலருக்கான தேவை என்று இதைச் சுருக்கிவிட முடியாது.

துறையின் வரலாறும் பாடத்திட்டத்தில் அதன் இடமும்

மறுவாழ்வு மருத்துவம் போரின் விளைவாக வளர்ந்த துறை. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மான், படுக்கையில் கிடந்து இறப்பர் எனக் கைவிடப்பட்ட வீரர்களை எழுப்பி அமர்த்தினார். அமெரிக்காவில் ஹோவர்ட் ரஸ்க், நோய்த்தடுப்பு, சிகிச்சை ஆகிய இரண்டிற்கும் அடுத்த மூன்றாம் கட்டமாக மறுவாழ்வைக் கருதி, நியூயார்க்கில் அதற்கெனத் தனி நிறுவனம் கண்டார்.

அந்நிறுவனத்தில் பயின்றவர்களுள் ஒருவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மேரி வர்கீஸ். 1954இல் நிகழ்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்கள் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். வேலூரில் 1966இல் மறுவாழ்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. மும்பையில் 1955 முதலே அனைத்திந்திய அளவிலான நிறுவனம் ஒன்று இயங்கி வந்தது. சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. இத்துறைக்கு இந்தியாவில் ஆழமான வேர் இருந்தும், பெரும்பாலான மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இதன் பெயரைக்கூட எலும்பு மருத்துவப் பயிற்சியின் ஓரத்தில்தான் கேட்டு வந்தனர்.

2019இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டம் மறுவாழ்வு மருத்துவத்திற்கெனத் தனியே திறன்களை வகுத்தது. மாணவர் தாமே தேர்ந்துகொள்ளும் விருப்பப் பயிற்சிக் காலத்தையும் அறிமுகப்படுத்தியது. ஆயினும் 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட குறைந்தபட்சத் தரநிலைகளில், இளநிலைக் கல்லூரியில் கட்டாயம் அமைய வேண்டிய துறைகளின் பட்டியலில் இத்துறை இடம்பெறவில்லை. கற்பிக்க வேண்டிய திறன்கள் ஏட்டில் இருக்க, கற்பிக்கும் துறை கல்லூரியில் இல்லாதிருக்கக்கூடிய இந்நிலை வியப்பிற்குரியது. துறையே இல்லாத கல்லூரியின் மாணவருக்கு மெய்நிகர் வகுப்பு ஒரு கூடுதல் வசதியன்று. அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வாயிலாகவும் அது இருக்கலாம்.

பெருந்தொற்றுக் கால முயற்சிகள்

2020 மார்ச் 17 அன்று, அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் மாணவர்களை நோயாளிகளுடனான நேரடிப் பயிற்சியிலிருந்து உடனடியாக நிறுத்திவைக்குமாறு அறிவுறுத்தியது. அந்நாட்டின் பல கல்லூரிகளில் மறுவாழ்வு மருத்துவம் கட்டாயப் பயிற்சி அன்று. ஆர்வமுள்ள மாணவர் வேறு நிறுவனங்களுக்குச் சென்று சில வாரங்கள் தங்கிக் கற்பதே வழக்கம். அவ்வழி அடைபட்டதும் மெய்நிகர் விருப்பப் பயிற்சிகள் தோன்றின. காணொலிவழி நோயாளி விளக்கங்கள், தொலைமருத்துவச் சந்திப்பில் மாணவர் பார்வையாளராக இணைதல், மூட்டு, தசைப் பரிசோதனையை ஒருவர் மீது ஒருவர் வீட்டிலேயே செய்து பழகுதல் என அவை பலவகைப்பட்டன. இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் மருத்துவர் தொலைவிலிருந்து ஆலோசனை வழங்குவதற்குத் தெளிவான நெறிகளை அளித்தன.

இணையவழிக் கற்றல் இத்துறைக்குப் பெருந்தொற்றுடன் வந்தது என்று கொள்வது பிழை. பன்னாட்டுத் தண்டுவடக் கழகம் தண்டுவடக் காய மேலாண்மைக்கான இணையப் பாடத்தொகுதியை 2012இலேயே வெளியிட்டது. மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் ஆகியோருக்குத் தனித்தனிப் பகுதிகளையும், குழு முழுமைக்குமான பொதுப்பகுதி ஒன்றையும் அது கொண்டிருந்தது. 2020இன் அவசர முயற்சிகள் பலவற்றைக் காட்டிலும் அதன் அமைப்புச் சிந்தனை முதிர்ந்தது எனலாம்.

மெய்நிகர் வழி காட்டக்கூடியவை

மருத்துவமனைப் பயிற்சியில் மாணவர் காண்பது நோயாளியின் வாழ்வில் ஒரு வெட்டுத்துண்டு. பக்கவாதம் ஏற்பட்ட மூன்றாம் நாளில் அவர் படுக்கையருகே நிற்கிறார். ஆறாம் மாதத்தில் அந்நோயாளி கடைத்தெருவிற்குத் தனியே சென்று வருவதை அவர் காண்பதில்லை. ஆகவே மூன்றாம் நாளின் காட்சியே பக்கவாதத்தின் முழு உருவமாக மனத்தில் பதிந்துவிடுகிறது. ஒரே நோயாளியின் அனுமதியுடன் முதல் வாரம், ஆறாம் வாரம், ஆறாம் மாதம், ஓராண்டு எனப் பதிவுசெய்யப்பட்ட காணொலிகளை அடுத்தடுத்துக் காணும் மாணவர், இரண்டு மணி நேரத்தில் ஓராண்டுப் போக்கை உணர்கிறார். எதிர்பார்த்த அளவு முன்னேறாத நோயாளியின் பதிவும் அவற்றுள் இருத்தல் வேண்டும். வெற்றிக் கதைகளை மட்டும் தொகுத்தால் அது விளம்பரமாகிவிடும்.

அடுத்தது வீடு. சிகிச்சைக்கூடத்தின் சமதளத்தில் சக்கர நாற்காலியைத் திறம்பட இயக்குபவர், தம் வீட்டு வாசலில் நின்றுவிடலாம். பதினைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள ஒற்றைப் படியைக் கடக்க, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு விகிதப்படி 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். தெருவை ஒட்டிய வீட்டில் அந்நீளம் கிடைக்குமா? சக்கர நாற்காலிக்கு 90 சென்டிமீட்டர் வாயில் பரிந்துரைக்கப்படுகிறது. கழிப்பறைக் கதவின் அகலம் என்ன? தரையில் சம்மணமிட்டு உண்ணும் வழக்கமுடைய குடும்பத்தில் மேசையில் தனித்து உண்ண நேர்பவரின் நிலை என்ன? வீட்டார் ஒருவர் கைப்பேசியை ஏந்தி வாசல் முதல் பின்கட்டு வரை நடந்து காட்டும் காணொலிச் சந்திப்பில் இக்கேள்விகள் தாமாக எழுகின்றன. 1968இல் உருவான ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால், குந்தி அமரவும் செருப்பின்றி வயலில் நடக்கவும் ஏற்றதாக ஏன் வடிவமைக்கப்பட்டது என்பதை ஒரு வீட்டைக் கண்ட மாணவருக்கு விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சை வீடுகளுக்கே கொண்டுசெல்லப்படுகிறது. அத்தகைய சந்திப்புகளில் உரிய ஒப்புதலுடன் மாணவர் திரைவழி இணைவதற்கு வாய்ப்புண்டு.

மூன்றாவது வகை, படுக்கையருகே காத்திருந்து காண இயலாத ஆபத்து நிலைகள். தண்டுவடத்தின் ஆறாம் மார்புக்கூறிலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு ஏற்படும் ஆட்டோனோமிக் டிஸ்ரெஃப்லெக்சியா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சிறுநீர்க் குழாய் மடங்கி அடைபட்டுச் சிறுநீர்ப்பை நிரம்பியதாலேயே இரத்த அழுத்தம் கடுமையாக உயரும். பிளக்கும் தலைவலி, முகத்தில் வியர்வை, சில வேளைகளில் நாடித்துடிப்புக் குறைவு ஆகியவை தோன்றும். உயர்நிலைத் தண்டுவடக் காயமுடையவரின் இயல்பான மேலழுத்தம் 90 முதல் 110 வரையே இருக்கக்கூடும். ஆதலின் 140 என்ற அளவு, பொது மருத்துவர் கண்ணுக்குச் சற்றே கூடியதாகத் தோன்றினும், அந்நோயாளிக்குப் பேரபாயத்தின் அடையாளம். கிளைவழியில் விரியும் மெய்நிகர் நோயாளிப் பாடத்தில் மாணவர் வலிநிவாரணி கொடுத்து அனுப்பிவிட்டால் அழுத்தம் மேலும் ஏறுவதைத் திரையில் காண்பார். நோயாளியை நிமிர்த்தி அமர்த்தி, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, குழாயைச் சோதித்தால் அது இறங்குவதையும் காண்பார். திரையில் செய்யும் பிழையால் எவருக்கும் கேடில்லை. அப்பிழையை முதன்முதலாக நள்ளிரவு அவசரப் பிரிவில் செய்வதுதான் உயிருக்குக் கேடு.

பல்துறைக் குழுக் கூட்டத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. சிறிய அறையில் பத்துப் பேர் அமரும் கூட்டத்தில் இருபது மாணவரை நிறுத்த முடியாது, திரைவழி முடியும். செவிலியரோ இயன்முறை மருத்துவரோ மருத்துவரின் கருத்தை மறுத்துப் பேசுவதையும், அம்மறுப்பு ஏற்கப்படுவதையும் மாணவர் காண்பதே அதன் பெரும்பயன்.

செயற்பாட்டு மதிப்பீடும் காணொலிக்கு ஏற்றது. 1965இல் வெளியான பார்த்தெல் அளவை உண்ணுதல், குளித்தல், உடுத்துதல், படியேறுதல் முதலிய பத்துக் கூறுகளை உடையது. முழு மதிப்பெண் நூறு. ஒரே காணொலியைக் காணும் மாணவர்கள் வெவ்வேறு மதிப்பெண் இடுவர். வேறுபாட்டின் காரணத்தை ஆராயும்போதுதான் பாடம் தொடங்குகிறது. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஒரு பெண்ணால் மெதுவாகவேனும் தாமே உடுத்த முடியும். ஆனால் நேரமாகிறதென்று மருமகளே நாள்தோறும் உடுத்திவிடுகிறார். அளவை நெறிப்படி, நோயாளியால் என்ன முடியும் என்பதற்கன்றி, அவர் நாள்தோறும் என்ன செய்கிறார் என்பதற்கே மதிப்பெண். உலக நலவாழ்வு நிறுவனம் 2001இல் ஏற்ற செயற்பாட்டு வகைப்பாடு 'திறன்', 'நிகழ்த்துகை' என இவ்விரண்டையும் பிரித்துக் கூறுகிறது. அன்புடன் செய்யப்படும் உதவியே சில வேளை நோயாளியின் இயக்கத்தைப் பறிக்கிறது என்பதை மாணவர் இவ்வெடுத்துக்காட்டில் காண்கிறார்.

கை மட்டுமே அறிபவை

தசை இறுக்கத்தை மதிப்பிடும் திருத்தப்பட்ட ஆஷ்வர்த் அளவையில் 1, 1+ என இரு நிலைகள் உள்ளன. கையை நீட்டும்போது ஒரு சிறு பிடிப்பு உணரப்பட்டு உடனே விடுபடுகிறதா, அல்லது பிடிப்பிற்குப் பின் எஞ்சிய அசைவிலும் மெல்லிய தடை தொடர்கிறதா என்பதே அவற்றிடையே வேறுபாடு. எத்துணைத் தெளிவான காணொலியும் இதைக் காட்டாது. காண்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தசை வலிமைக்கான 0 முதல் 5 வரையிலான அளவையிலும் இதே இடர்ப்பாடு உண்டு. புவியீர்ப்பை எதிர்த்துக் கை உயர்கிறதா என்பது வரை திரையில் தெரியும். நான்காம் நிலைக்கும் ஐந்தாம் நிலைக்கும் இடையிலான தடையைச் சோதிப்பவரின் உள்ளங்கை மட்டுமே அறியும். தண்டுவடக் காயம் முழுமையானதா, பகுதியளவானதா என்பதை முடிவுசெய்யக் குதப் பரிசோதனை தேவை; அதன் இன்றியமையாமையைத் திரையில் சொல்லலாம், செய்யக் கற்பிக்க இயலாது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு ஒருவரை மாற்றும்போது அவருடைய எடை தம்மீது சாயும் கணத்தில் கால்களை எங்கே ஊன்றுவது என்பதும் அத்தகையதே.

இப்பகுதிகளையும் மெய்நிகர் பாடத்தில் அடக்கிவிட்டதாகச் சான்றிதழ் வழங்கும் போக்கு கண்டிக்கத்தக்கது. துறை இல்லாத கல்லூரியின் மாணவரை அருகிலுள்ள மறுவாழ்வு நிலையத்திற்கு ஒரு வாரமேனும் அனுப்புவதற்கு மாற்று இல்லை. மெய்நிகர் பாடத்தை முன்னரே முடித்துச் செல்லும் மாணவர் அவ்வொரு வாரத்தைக் கேட்பதில் கழிக்காமல் தொடுவதில் கழிக்க முடியும். இரு முறைகளையும் பொருத்தும் சரியான வரிசை அதுவே.

ஊனத்தைப் பாவித்தல்

தலையில் அணியும் மெய்நிகர் கருவியின் வழியே மாணவரைச் சக்கர நாற்காலியில் இருப்பவராகவோ பார்வையற்றவராகவோ சில நிமிடங்கள் உணரச் செய்வது இன்று கவர்ச்சியான முறையாகப் பரவி வருகிறது. பரிவு வளரும் என்பது இதன் எதிர்பார்ப்பு. கண்ணைக் கட்டிக்கொள்ளுதல், நாற்காலியில் அமர்ந்து பார்த்தல் முதலிய பழைய பாவிப்பு முறைகளைப் பற்றிய ஆய்வுகள் வேறுவிதமாகக் கூறுகின்றன. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கண்ணைக் கட்டிக்கொண்டு பழகியவர்கள், பார்வையற்றோரின் பணித்திறனையும் தனித்து வாழும் ஆற்றலையும் முன்னினும் குறைவாக மதிப்பிட்டனர். 2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், பாவித்தவர்களிடம் பரிவு உணர்ச்சி கூடியது. கூடவே குழப்பமும் கையறுநிலையும் தமக்கும் இது நேருமோ என்ற அச்சமும் கூடின. மாற்றுத்திறனாளிகளுடன் பழகுவது குறித்த மனப்பான்மை மேம்படவில்லை.

காரணம் எளிது. கண்ணைக் கட்டிய முதல் பத்து நிமிடத்தில் ஒருவர் உணர்வது, பார்வையிழந்த முதல் பத்து நிமிடத்தின் தடுமாற்றமே. இருபது ஆண்டுகள் வெண்கோலுடன் நடந்து, தெருவின் ஒவ்வொரு வளைவையும் ஒலியால் அறிந்தவரின் வாழ்வு அதில் இல்லை. மறுவாழ்வு மருத்துவம் வலியுறுத்துவது கற்றலையும் தகவமைப்பையும். பாவிப்பு காட்டுவது அவை இரண்டும் தொடங்குவதற்கு முந்தைய நிலையை. ஒரு துறையை அறிமுகப்படுத்த அதற்கு நேர்மாறான காட்சியைத் தேர்வது முறையன்று. அதே கருவியைச் சூழலின் தடைகளைக் காட்டப் பயன்படுத்தலாம். பேருந்து நிலையத்தின் படிகளும் மருத்துவமனை முகப்பின் உயர்ந்த மேசையும் எங்கே மாற்றப்பட வேண்டும் என்று மாணவரை அளந்து குறிக்கச் செய்யலாம். பல்லாண்டுகள் நாற்காலியில் வாழ்பவர் தாமே ஆசிரியராக வந்து அவர்களுடைய குறிப்புகளைத் திருத்துவது இன்னும் பொருத்தமானது. அவருக்கு ஆசிரியருக்குரிய மதிப்பூதியமும் தரப்பட வேண்டும். நன்றிச் சான்றிதழோடு அனுப்பிவிடும் வழக்கம் போதாது.

ஒப்புதலும் அந்தரங்கமும்

வீட்டைக் காட்டும் காணொலி, நோயைக் காட்டுவதினும் கூடுதலாகக் காட்டிவிடுகிறது. ஒழுகும் கூரை, கதவில்லாக் கழிப்பறை, பக்கத்து அறையில் உடைமாற்றும் மகள், குடும்பச் சண்டை ஆகியவை நோயாளி மட்டும் தந்த ஒப்புதலுக்குள் அடங்குவன அல்ல. வீட்டார் அனைவரின் ஒப்புதலும் தேவை. நேரலையில் காண்பதற்கும் பதிவுசெய்து ஆண்டுதோறும் காட்டுவதற்கும் தனித்தனியே கேட்கப்படவும் வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவரே கேட்கும்போது மறுத்தால் சிகிச்சை குறையுமோ என்ற அச்சம் நோயாளிக்கு எழுவது இயல்பு. ஆகவே சிகிச்சையில் பங்கில்லாத ஒருவர் கேட்பதே நன்று. மாணவர் தம் விடுதி அறையில், பிறர் காணும்படி கைப்பேசியில் அதைப் பார்ப்பதும் அந்தரங்க மீறலே. இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கல்லூரிகளை இது குறித்துச் சிந்திக்கக் கட்டாயப்படுத்துகிறது.

எதை அளப்பது

மெய்நிகர் மறுவாழ்வுப் பாடங்கள் குறித்து வெளிவந்துள்ள மதிப்பீடுகளுள் பல, சிறு குழுவினரிடம் பாடத்திற்கு முன்னும் பின்னும் வினாநிரல் தந்து, அவர்களுடைய அறிவும் ஆர்வமும் கூடியதாக அவர்களே சொல்வதைப் பதிவுசெய்பவை. தாமே விரும்பிச் சேர்ந்த மாணவர் நிறைவு தெரிவிப்பதில் வியப்பில்லை. துறை பயனுற அறிமுகமாயிற்றா என்பதை அதனால் அறிய முடியாது. ஓராண்டு கழித்து, எலும்பு மருத்துவப் பிரிவிலோ நரம்பியல் பிரிவிலோ பணியாற்றும் அதே மாணவர் நோயாளியை எவ்வாறு வீட்டுக்கு அனுப்புகிறார் என்பதே பொருத்தமான அளவுகோல்.

அதைத் தேர்வாகவே அமைக்கலாம். முன்னுரையில் கண்ட நோயாளியின் விவரங்களைத் தந்து, அவருக்கான விடுவிப்பு மடலை எழுதச் சொல்வதே வினா. படுக்கையில் இரண்டு மணி நேரத்திற்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென அம்மடல் கூறுகிறதா? சிறுநீரை இடைவிட்டு வெளியேற்றும் முறையை யார் கற்பிப்பார் என்று குறிக்கிறதா? வீட்டு வாசலின் அகலம் கேட்கப்பட்டுள்ளதா? மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு யாரை அணுகுவது என்ற குறிப்பு உண்டா? எந்த மறுவாழ்வு நிலையத்திற்கு, எந்தத் தேதியில் செல்ல வேண்டும் என்ற வரி இருக்கிறதா? கடைசி வரியின்றி வரும் மடலுக்கு, ஏனைய பகுதிகள் எவ்வளவு சிறப்பாக அமைந்திருப்பினும், தேர்ச்சி அளிக்க இயலாது.